கட்சியை இழுத்துப் பிடித்தவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி இது: "தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர், சங்கக்காரர். அம்மா இன்றைக்கும் பீடி சுற்றுகிறார். நான் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டில் ஓட்டு என்றால் கம்யூனிஸ்ட் சின்னம். அது நிற்காத தேர்தலில் உதயசூரியன். இப்போது இரண்டுமே எங்களுக்கான கட்சிகள் என்று தோன்றவில்லை. இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சிலும் தொழிலாளர் கட்சிகள் இப்படித்தான் மாறிவிட்டன என்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது? எங்களைப் போன்றவர்கள் இனி என்ன செய்வது?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். சந்தா கட்டி, கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்து, தேர்தல் இல்லாத நாளிலும் "இதை ஏன் செய்தீர்கள்" என்று கேட்கிற ஒரு கூட்டம் இருக்கிறவரைதான் எந்தக் கட்சியும் உழைப்பவர் பக்கம் நிற்கும். அந்தக் கூட்டத்தை இழந்தால் நமக்கு நட்டம் என்ற பயம் கட்சிக்கு இருக்கவேண்டும். அது கலைந்துபோன ஊர்களில் எல்லாம் கட்சி நகர்ந்துவிட்டது. லண்டனிலும் பெர்லினிலும் நடந்தது இதுதான், தாமிரபரணிக் கரையில் நடந்ததும் பெரும்பாலும் இதுதான். தலைவர்கள் துரோகம் செய்துவிட்டார்கள் என்று சொன்னால் மனது ஆறும். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவரும் ஏன் அதையே செய்கிறார் என்பது விளங்காமலே போய்விடும்.

பிரிட்டனில் இருந்து தொடங்கலாம், அங்கேதான் தடயம் தெளிவாக இருக்கிறது. லேபர் கட்சியைப் பெற்றெடுத்ததே தொழிற்சங்கங்கள், 1900ல். 1918ல் அதன் விதிமுறையில் நான்காம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமை ஆகவேண்டும் என்பது அதன் சாரம். 1959 தேர்தலில் தோற்ற பிறகு கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் அந்தப் பிரிவை மாற்றப் பார்த்தார். சங்கங்கள் விடவில்லை. 1995ல் டோனி பிளேர் மாற்றப் பார்த்தார், மாற்றியும் விட்டார். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 1979ல் அந்த நாட்டில் சங்க உறுப்பினர்கள் 1 கோடியே 30 லட்சம் பேர். அதற்குப் பிறகு சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் மூடப்பட்டன. 1984-85ல் ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. கட்சியோ 1979, 1983, 1987, 1992 என்று நான்கு தேர்தல்களில் தொடர்ந்து தோற்றுக் களைத்திருந்தது. 1959ல் தடுக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். 1995ல் இருந்தவர்கள், எப்படியாவது ஜெயித்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். இன்றைக்குச் சங்க உறுப்பினர்கள் 65 லட்சத்துக்கும் குறைவு.

ஜெயித்தார்கள். 1997ல் 418 இடங்கள். தேசியக் குறைந்தபட்சக் கூலி 1999ல் நடைமுறைக்கு வந்தது. அதை யாரும் சிறிய காரியம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மார்கரெட் தாட்சர் காலத்தில் சங்கங்களைக் கட்டிப்போட வந்த சட்டங்களில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. கூலியை உயர்த்திக் கொடுத்தார்கள், கூலி கேட்கிற கையைத் திரும்ப வளர்க்கவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கதையிலும் இது வரும்.

2024ல் அதே கட்சி 411 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. வாங்கிய வாக்கு 33.7 சதவீதம், ஏறத்தாழ 97 லட்சம். 2017ல் ஜெரமி கோர்பின் தலைமையில் தோற்றபோது அதே கட்சி வாங்கியது 1 கோடியே 28 லட்சம். தோற்றபோது வாங்கியதைவிட 31 லட்சம் குறைவாக வாங்கி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தார்கள். எதிரணி இரண்டாக உடைந்ததுதான் காரணம். மழைக்குப் பிறகு குளம் கரை தொட்டு நிற்கும், இறங்கிப் பார்த்தால் முழங்கால் ஆழம்தான் இருக்கும்; அப்படிப்பட்ட வெற்றி. வந்த மாதமே முதியோர்களின் குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டினார்கள், சுமார் 1 கோடிப் பேருக்கு அது நின்றது. எதிர்ப்பு தாங்காமல் 2025 ஜூனில் பெரும்பாலானவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் போகவேண்டிய நம்பிக்கை போய்விட்டது.

ஜெர்மனியின் கதை வேறு விதம். அங்கே சோசியல் டெமாக்ரட் கட்சி 1959லேயே கோடஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தை விட்டு "எல்லா மக்களின் கட்சி" ஆனது. அதனால் உடனே தேயவில்லை. 1970களில் அதன் உறுப்பினர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள், 1998ல் 40.9 சதவீத வாக்கு வாங்கினார்கள். அடி விழுந்தது 2003ல், அந்தக் கட்சியின் சான்சலர் (அரசுத் தலைவர்) ஷ்ரோடர் அறிவித்த தொழிலாளர் சந்தைச் சீர்திருத்தத்தில். அதுவரை வேலை இழந்தவருக்கு, பழைய சம்பளத்தை ஒட்டிய உதவி நெடுநாள் கிடைத்துவந்தது. 2005 ஜனவரி முதல், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே தொகை. மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ. அதைப் பெறவும் சேமிப்பைக் காட்டவேண்டும், வீட்டில் யார் சம்பாதிக்கிறார் என்று சொல்லவேண்டும். 30 ஆண்டு ஆலையில் உழைத்து வரி கட்டியவரும், ஒருநாளும் வேலைக்குப் போகாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பணம் குறைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். உழைப்புக்கு என்று இருந்த மரியாதையை உழைப்பாளர் கட்சியே எடுத்துவிட்டது என்பதுதான் ஆறாத காயம். சங்கத் தலைவர்கள் பலர் வெளியேறினார்கள், 2007ல் இடதுசாரிக் கட்சி என்று தனிக்கட்சியே பிறந்தது. 1998ல் 2 கோடிப் பேர் போட்ட வாக்கு 2009ல் 1 கோடியாகச் சுருங்கியது. 2025ல் 16.4 சதவீதம்.

பிரான்சையும் கிரீசையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரான்சில் சோசலிஸ்ட் கட்சியின் மித்தரோன் 1981ல் ஆட்சிக்கு வந்து வங்கிகளையும் பெரிய ஆலைகளையும் நாட்டுடைமை ஆக்கினார், சம்பளத்தோடு ஐந்தாவது வார விடுமுறை கொடுத்தார். பணம் நாட்டைவிட்டு ஓடியது, நாணய மதிப்பை மூன்று முறை குறைக்க வேண்டிவந்தது, 1983ல் சிக்கனத்துக்குத் திரும்பினார். தனி ஒரு நாட்டுக்குள் மட்டும் சமதர்மம் நடத்தினால் மூலதனம் எல்லை தாண்டிவிடும் என்ற பாடத்தை ஐரோப்பா முழுவதும் அன்றைக்குப் படித்துக்கொண்டது. அந்தக் கட்சியின் வேட்பாளர் 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் வாங்கியது 1.75 சதவீதம். கிரீசில் பாசோக் என்ற சோசலிஸ்ட் கட்சி 2009ல் 43.9 சதவீதம் வாங்கி, கடன்காரர்கள் சொன்ன வெட்டுகளை எல்லாம் செய்து, 2015 ஜனவரியில் 4.7 சதவீதத்துக்கு வந்தது.

இவற்றுக்கு அடியில் இரண்டு காரணங்கள் ஓடுகின்றன. ஒன்று பழைய கணக்கு: ஆலைத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட எந்த நாட்டிலும் வாக்காளர்களில் பாதிக்குமேல் இருந்ததில்லை. ஜெயிக்க வேண்டுமானால் ஆசிரியர், குமாஸ்தா, சிறு கடைக்காரர் வேண்டும். அவர்களைக் கூப்பிடக் கூப்பிட "நாம் தொழிலாளிகள்" என்ற பேச்சு மங்கும். அது மங்கினால் தொழிலாளியே தன்னைத் தொழிலாளியாக நினைப்பதை விட்டுச் சாதியாக, மதமாக, வட்டாரமாக நினைக்கத் தொடங்குவார். இந்தப் பொறியில் இருந்து முழுவதும் தப்பிய கட்சி ஏதும் இல்லை.

இரண்டாவது, படிப்பு. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டி பல நாட்டு வாக்குக் கணக்கெடுப்புகளை வைத்துக் காட்டியது இது: 1950, 60களில் குறைவாகப் படித்தவர்கள் இடதுசாரிக் கட்சிகளுக்குப் போட்டார்கள், இன்று அந்தக் கட்சிகளுக்குப் போடுகிறவர்களில் அதிகம் படித்தவர்களே கூடுதல். பணக்காரர்கள் பெரும்பாலும் வலதிலேயே இருக்கிறார்கள். ஆக, படித்த மேட்டுக்குடி ஒரு கட்சியிலும், பணம் படைத்த மேட்டுக்குடி இன்னொரு கட்சியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் முதல் வகைக்கு வைத்த பெயர் "பிராமண இடது". நம் ஊர்க்காரருக்கு அந்தப் பெயர் வேறு எவரையும்விடக் கூர்மையாகப் படும். நூறு ஆண்டுக்கு முன் நீதிக்கட்சியும் பின்னர் பெரியாரும் எழுப்பிய கேள்வியே, படிப்பைக் கையில் வைத்திருப்பவர் எல்லோருக்கும் பேசுவதாகச் சொல்லும்போது யாருக்காகப் பேசுகிறார் என்பதுதானே.

மனம் வெறுத்தவர்கள் எங்கே போனார்கள்? எல்லோரும் குடியேறிகளை வெறுக்கிற கட்சிக்குப் போய்விட்டார்கள் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மேற்கு ஐரோப்பாவில் இந்தத் தொழிலாளர் கட்சிகள் இழந்த வாக்காளர்களில் தீவிர வலதுக்கு நேராகப் போனவர்கள் சிறுபகுதி. பசுமைக் கட்சிகளுக்கும், இன்னும் இடதில் உள்ள கட்சிகளுக்கும், நடுவில் உள்ள வலதுக்கும், முக்கியமாக வீட்டிலேயே இருந்துவிடுவதற்கும் போனவர்கள்தான் அதிகம். 2024 பிரிட்டன் தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் கீழே. இது முக்கியமான விவரம். வலதுக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிட வலதுபோலப் பேசினால், அவரும் வரமாட்டார், இருந்தவரும் எழுந்து போய்விடுவார். இந்தத் தவறைத்தான் பல கட்சிகள் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

இனி நம் ஊர்.

ஐரோப்பிய அளவுகோலை இங்கே அப்படியே வைக்கக்கூடாது. திமுக தொழிற்சங்கத்தின் வயிற்றில் பிறந்த கட்சி இல்லை. 1949ல் மொழி, சுயமரியாதை, சாதி எதிர்ப்பு ஆகியவற்றின் மேல் எழுந்தது. 1967ல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று வந்தது. 1970ல் நில உச்சவரம்பை 15 தரநிலை ஏக்கராகக் குறைத்தது. 1971ல் குடியிருப்பு மனைகளை அதில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கே உரிமையாக்கச் சட்டம் போட்டது. காங்கிரசும் 1955 ஆவடி மாநாட்டில் சமதர்ம மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட கட்சிதான், 1991ல் சந்தைக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அதே கட்சிதான்.

நெல்லைச் சீமையில் தொழிலாளி வர்க்கம் என்ற உணர்வு கட்சிகளுக்கு முந்தியது. 1908ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்தினார்கள். அவர்கள் கைதானபோது திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நெல்லை சதி வழக்கில் கம்யூனிஸ்டுகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணுவும் அதில் ஒருவர். அந்த உழைப்பின் விளைச்சலாகத்தான் 1971ல் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்டும், 1977லும் 1980லும் அம்பாசமுத்திரம் சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்டும், 2004லும் 2009லும் தென்காசியில் இந்தியக் கம்யூனிஸ்டும் ஜெயித்தார்கள். உங்கள் தாத்தா தலைமுறையின் மில் சங்கம் இல்லாமல் அம்பாசமுத்திரம் வெற்றியை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அந்தத் தென்காசி எம்.பி. இருந்த 2004 மக்களவையை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுசாரிகளுக்கு 59 பேர். அவர்கள் வெளியில் இருந்து தாங்கிப் பிடித்த காங்கிரஸ் ஆட்சியில்தான் 2005ல் ஊரக வேலை உறுதிச் சட்டமும் தகவல் உரிமைச் சட்டமும், 2006ல் வன உரிமைச் சட்டமும் வந்தன. 2008 ஜூலையில் அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்துக்காக ஆதரவை விலக்கினார்கள், 2009ல் 24 ஆகச் சுருங்கினார்கள். 1991ல் சந்தையைத் திறந்த அதே மன்மோகன் சிங் 2005ல் நூறு நாள் வேலையைச் சட்டமாக்கினார் என்றால், அவர் மனம் மாறினார் என்பதைவிட, பக்கத்தில் நின்று இழுத்தவர்கள் இருந்தார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

இழுக்கிறவர்கள் ஆட்சியின் கணக்கில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் நம் ஊரே சாட்சி. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கூலி உயர்வு, கைதானவர்களுக்கு விடுதலை என்று கேட்டுக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. காவல்துறை அடித்து விரட்டியதில் ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆட்சி திமுகவுடையது. இறந்தவர்களில் பெரும்பாலோர் யாருடைய பெயரால் திராவிட இயக்கம் பிறந்ததோ அந்த ஒடுக்கப்பட்ட மக்கள். கம்யூனிஸ்டு கொடிக்கும் இதில் விலக்கு இல்லை: 2007 மார்ச் 14ல் நந்திகிராமில் 14 விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இடது முன்னணி ஆட்சியில். 34 ஆண்டு ஆண்டவர்கள் 2021 மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் ஒரு இடமும் இல்லாமல் நின்றார்கள்.

தமிழ்நாட்டில் நடந்திருக்கும் மாற்றத்தை எப்படிச் சொல்வது? "இலவசம் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்" என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கட்டணமில்லாப் பேருந்தும், காலை உணவும், 2023 செப்டம்பர் 15 முதல் 1 கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வரத் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் பீடி சுற்றுகிற வீட்டில் என்ன செய்யும் என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டால் தெரியும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. கையில் கொடுப்பது வளர்ந்த வேகத்தில், கேட்டு வாங்குகிற உரிமை வளரவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். உரிமைத் தொகைக்கு 2024-25ல் ஒதுக்கியது 13,720 கோடி. அதே ஆண்டு டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,000 கோடிக்கு மேல். மனைவியின் கணக்கில் ஏறுவதில் ஒரு பங்கு கணவன் கையிலிருந்தே கடை வழியாகப் போனது. முற்போக்கு ஆட்சி என்றால் செலவுப் பக்கம் மட்டுமல்ல, வரவுப் பக்கத்தையும் படிக்கவேண்டும்.

தொழிலாளர் சட்டத்தில்தான் உரசல் வெளிப்படையாகத் தெரிந்தது. 2023 ஏப்ரல் 21ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. திமுகவின் சொந்தச் சங்கமான தொமுசவும் எதிர்த்தது. 24ந்தேதி நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள். மூன்றே நாள். பத்து லட்சம் பேர் சமூக ஊடகத்தில் திட்டியிருந்தாலும் மூன்று நாளில் அது நடந்திருக்காது. முதல்வரோடு ஒரே மேசையில் உட்கார உரிமை உள்ள சங்கங்கள் "முடியாது" என்றதால் நடந்தது. அடுத்த ஆண்டு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சங்கம் பதிவு செய்யவே 37 நாள் வேலைநிறுத்தமும் உயர்நீதிமன்ற வழக்கும் தேவைப்பட்டன. 2025 ஜனவரியில்தான் பதிவானது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி முன்பு குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்கு விடாதே என்று உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். சமூக நீதி பேசுகிற பலருக்கு அன்றைக்குத்தான் மனம் விட்டுப்போனது. அந்த மனத்தாங்கல் நியாயமானது.

அப்படியானால் கம்யூனிஸ்டுகள் ஏன் அந்த இடத்தை நிரப்பவில்லை? திமுக, அதிமுக இரண்டும் இல்லாமல் நின்று பார்த்தார்கள். 2016ல் மக்கள் நலக் கூட்டணி ஓரிடமும் ஜெயிக்கவில்லை, இரண்டு கட்சிகளும் சேர்ந்து 2 சதவீத வாக்கைக்கூட எட்டவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு கூட்டணிக்குள் போனார்கள். 2021ல் ஆளுக்கு 6 சீட், ஆளுக்கு 2 வெற்றி. தென்காசி மக்களவைத் தொகுதி 2019 பேச்சுவார்த்தையிலேயே கைவிட்டுப் போனது. அந்தத் தேர்தலில் திமுக தன் கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடியும் மார்க்சிஸ்டுக்கு 10 கோடியும் கொடுத்ததாகக் காட்டியது. முறையாகக் கணக்கில் வந்த தேர்தல் நிதிதான், சட்டத்தில் குற்றமில்லை. ஆனால் கடைவீதியில் உண்டியல் குலுக்கி வளர்ந்த கட்சிக்கு இது தன்மையையே மாற்றுகிற விஷயம். யார் காசு, அவர் சொல்லுக்கு ஒரு எடை கூடும். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 2024 ஜூனில் சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட ஓர் இணையருக்குத் துணை நின்றதற்காக, திருநெல்வேலியில் மார்க்சிஸ்ட் அலுவலகத்தைப் பெண் வீட்டார் புகுந்து நொறுக்கினார்கள். ஓட்டு கூடாது, குறையத்தான் செய்யும் என்று தெரிந்தே செய்த காரியம் அது. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் என்று விடாமல் கேட்டவர்களில் இவர்களும் விசிகவும் முன்னணியில் இருந்தார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு அந்தக் குரல் வலுத்து, அக்டோபரில் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஓர் ஆணையத்தை அரசு அறிவித்தது. வாக்கு சதவீதம் மட்டும் பார்த்தால் இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது.

இனி செய்யவேண்டியவை. ஓட்டு முதலில். நம்முடையது ஓர் ஓட்டு கூடினாலும் ஜெயிக்கிற முறை. 2016ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021ல் தென்காசி சட்டமன்றத்தில் 370. ஆகவே உங்கள் தொகுதியில் கடந்த இரண்டு தேர்தல்களின் வித்தியாசத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் இருபதாயிரத்துக்கு மேல் என்றால், மனதுக்குச் சரியான சிறு கட்சிக்குப் போடுவதில் நட்டம் குறைவு. உங்கள் கோபம் எண்ணிக்கையாகவாவது பதிவாகும். ஐயாயிரத்துக்குக் கீழே என்றால், வரவே கூடாதவர் யார் என்பதை முதலில் முடிவுசெய்து, அவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுங்கள். இந்த எண்கள் என் மதிப்பீடு, சட்டம் அல்ல. கூட்டணி மாறினால் பழைய வித்தியாசத்துக்கு மதிப்பு இல்லை. நோட்டா 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. ஆயிரம் பேர் நோட்டாவும் ஒருவர் மட்டும் வேட்பாளருக்கும் போட்டாலும், சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் அந்த வேட்பாளர்தான் ஜெயிப்பார். ஆகவே அதை ஆயுதமாக நினைக்கவேண்டாம்.

பிரச்சாரத்துக்கு வருகிறவரிடம் பொதுவாகக் கொள்கை கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். உதாரணம்: 1976 சட்டப்படி பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று வசூலான செஸ் என்ற தனிவரி 2017ல் ஜிஎஸ்டியோடு நின்றுபோனது. மருந்தகம், பிள்ளைகளின் படிப்புதவி, வீட்டுக் கடன் எல்லாம் அந்த நிதியை நம்பி இருந்தவை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஓட்டுக் கேட்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அதுவே ஒரு பதில். தேர்தல் அறிக்கையில் பெரிய வாக்குறுதிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவேண்டும் என்பது 2014 முதல் தேர்தல் ஆணைய நடத்தை விதியிலேயே இருக்கிறது. அந்தப் பத்தியைத் தேடுங்கள், பெரும்பாலும் மெலிவாக இருக்கும்.

உள்ளாட்சித் தேர்தலைத் தவறவிடாதீர்கள். வார்டில் சில நூறு ஓட்டில் முடிவு மாறும், பெரிய கட்சியின் பணம் அங்கே முழுதாக வேலை செய்யாது. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வழக்கமாக நடக்கிற தவறு: வந்ததும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதுவார்கள். உங்கள் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோங்கள். பதிவேட்டில் ஏற்றி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் ஆலை. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கங்கைகொண்டானில் புதிதாக வளர்கிற தொழிலாளர் கூட்டம் எண்ணிக்கையில் பெரிது, பெண்கள் நிறைய, பெரும்பாலும் இளவயது. சங்கம் இல்லாதவரை எந்தக் கட்சியும் அவர்களை ஓட்டாக மட்டுமே எண்ணும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி நியமனக் கடிதம் கட்டாயம். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனமே தரவேண்டும். சங்கம் பதிவுசெய்ய ஏழு பேர் விண்ணப்பத்தில் கையெழுத்திடலாம். ஆனால் அங்கே வேலை செய்வோரில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், தனியே பேச்சுவார்த்தை நடத்தும் உரிமைக்கு 51 சதவீதம் வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. இடையில் அரசு அதிகாரி முன் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும், அதைக் கவனிக்கவேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது எங்கே என்றால், ஏழு பேரின் பெயர் பதிவுக்கு முன்பே மேலாளர் மேசைக்குப் போய்விடும், மறுநாள் ஒப்பந்தக்காரர் "நாளையில் இருந்து வரவேண்டாம்" என்பார். ஆகவே முதல் இரண்டு மூன்று மாதம் அறிவிப்பே வேண்டாம். ஒவ்வொருவரும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அடையாள அட்டை நான்கின் நகலையும் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். நீக்கினால் வழக்குக்கு அதுதான் உயிர். வாட்ஸ்அப் குழுவில் எதுவும் எழுதவேண்டாம். பல ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் ஒரே ஷெட்டில் வேலை செய்தால் எல்லாரிடமிருந்தும் ஆள் சேருங்கள், ஒரே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றால் அவரை மாற்றியே சங்கத்தைக் கலைத்துவிடலாம். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள ஷிப்டில் பொறுப்பாளர்களும் பெண்களாக இருக்கட்டும். கழிப்பறை இடைவேளையும் இரவுப் பேருந்தும்தான் அங்கே முதல் கோரிக்கைகளாக வரும், கூலி பிறகுதான். மார்க்சிஸ்டுகளின் சிஐடியு, இந்தியக் கம்யூனிஸ்டின் ஏஐடியுசி, திமுகவின் தொமுச எதில் இணைந்தாலும் சரி, ஆண்டுச் சந்தாவை உறுப்பினர்களே கட்டி ரசீது வாங்கவேண்டும், செலவுக்கணக்கு பொதுக்குழுவில் வரவேண்டும்.

அம்மாவின் பெட்டியில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் பழைய சங்க ரசீதும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். ரசீதில் கடைசி ஆண்டு எது என்று பார்த்து, விட்டுப்போன சந்தாவை அவர் பெயரில் இந்த வாரமே கட்டிவிடுங்கள்.